கதவைத் தூக்கிச் சாத்துங்க

எங்கள் வீட்டு அம்பாசிடரில் யாராவது ஏறினால், சௌகரியமா என்று கேட்பதற்கு முன்பே "கதவைத் தூக்கிச் சாத்துங்க" என்று வீடே சேர்ந்து சொல்லும். 1984 மாடல், மார்க் 4. முன்பக்க இடது கதவுதான் கோளாறு. அரை அங்குலம் தூக்கிப் பிடித்து, அப்படியே இழுத்துச் சாத்த வேண்டும். சொந்தபந்தம் எல்லாருக்கும் இது கைவந்த கலை. பாவம், புது மாப்பிள்ளைக்கு மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை. தலைதீபாவளிக்கு வந்தவர் ஒரு காலை இன்னும் வெளியே வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சாத்திப் பார்த்தார். கதவு லாக்கில் மோதித் திரும்பி வந்து அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. மாமனார் வீட்டு வண்டி உதைத்தது என்று சம்பந்தி வீட்டில் பேச்சாகிவிடக் கூடாதே என்று, இத்தனை வருஷம் ஆகாத வேலை உடனே ஆரம்பமானது.

"புதுக் கீல் வாங்கிப் போட்டுட்டா முடிஞ்சுது" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எந்த வண்டியின் பானெட் திறந்தாலும் அங்கே இருப்பார். கொல்கத்தா பக்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுபோனதை எடுத்துச் சொன்னேன். "உக்கடத்துப் பழைய சாமான் கடையில கிடைக்காததா?" என்றார். கிடைத்தது. கடைக்காரர் எடுத்துக் காட்டிய கீலும் எங்கள் கீலைப் போலவே லொடலொடத்தது. "பாருங்க, எவ்ளோ ஃப்ரீயா ஆடுது" என்று அதையே பெருமையாகச் சொன்னார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் கோயம்புத்தூரில், கணபதி பகுதியில், வண்டி பாடி வேலை பார்க்கிற ஒரு டிங்கர் அண்ணன். வண்டியைப் பார்த்ததும் கதவை முழுசாகத் திறந்து, கைப்பிடிப் பக்கத்து அடி முனையில் கையைக் கொடுத்து மேலும் கீழும் ஆட்டினார். கண் முழுக்கக் கீல் மேல்தான். கீலை வண்டித் தூணோடு பிடித்திருக்கிற ஸ்க்ரூ லூசாக இருந்தால் கீல் மொத்தமாக நகரும். கீலின் இரண்டு பாதியையும் கோத்திருக்கிற பின் தேய்ந்திருந்தால் ஒரு பாதி நிற்க, மறுபாதி மட்டும் குதிக்கும். எங்களுடையது குதித்தது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி கொஞ்சம்தான், கதவோ நீளம். அதனால் கீலில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே கைப்பிடிப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொங்கிவிடுமாம்.

"டிரைவர் பக்கம்தானுங்க மொதல்ல போகும். உங்க வண்டியில அந்தக் கதவு கல்லு மாதிரி நிக்குது. இந்தப் பக்கம் யாருங்க உக்காருவாங்க?"

அப்பத்தா. கோயிலோ கல்யாணமோ, முன்சீட்டு அவருடையது. இறங்கும்போது திறந்த கதவின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பையும் அதில் ஏற்றி, "முருகா" என்று எழுவார். அப்பத்தா ஒல்லி என்று யாரும் சொன்னதில்லை. டிங்கர் அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். திருடன் யாரென்று தெரிந்துவிட்டது, ஆனால் கேஸ் போட முடியாது.

கீலைச் சுற்றி ஊசியால் தூணில் கோடு கிழித்தார், திரும்ப அதே இடத்தில் உட்கார வைக்க. கதவுக்கு அடியில் ஜாக்கி, அதன் மேல் பலகை, அதற்கும் மேல் மடித்த பழைய வேட்டி. ஸ்க்ரூக்கள் அசைவேனா என்றன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் அடித்தால் திரும்புகிற ஸ்க்ரூடிரைவரை வைத்து ஓங்கி அடித்ததில் ஒன்றைத் தவிர எல்லாம் வந்தன. அந்த ஒன்றின் தலை மழுங்கிவிட்டது. அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். சூட்டுக்கு வழிவிட்டு வந்தது. கீலிலிருந்து தட்டி எடுத்த பின்னைக் கையில் கொடுத்தார். இரண்டு முனையும் தடிமன், நடுவில் பளபளவென்று இடுப்பு. அது இருந்த ஓட்டையோ முட்டை வடிவம்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பம்ப்செட் ஷாஃப்டுகளுக்கு நடுவே எங்கள் கீலுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஓட்டையைப் பெரிதாக்கி, கன்மெட்டல் புஷ், அதாவது வெண்கல வளையம் இறக்கி, ஈஎன்8 என்கிற எஃகு ராடில் புதுப் பின் கடைந்து கொடுத்தார்கள். உக்கடத்துக் கீலை விட இதுதான் புத்தம் புதுசு என்பேன்.

கதவை மாட்டி, கிரீஸ் வைத்து, ஆவலாகச் சாத்தினால், சாத்தவில்லை. தூக்கிச் சாத்தினாலும் இல்லை. பெரியவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "நான் அப்பவே சொன்னேன்!"

"கதவு சரியாத்தானுங்க இருக்குது. தூண்ல இருக்கறதுதான் பொய் சொல்லுது" என்றார் டிங்கர் அண்ணன்.

விஷயம் இதுதான். கதவு தொங்கத் தொங்க, பார்த்த மெக்கானிக் ஒவ்வொருவரும் கீலைத் தொடாமல், எதிர்ப்பக்கத் தூணில் லாக் மாட்டுகிற பிளேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால், அரம் போட்டு ஓட்டையை நீட்டிய தடம் ஒவ்வொன்றும் வேறு வேறு பெயின்டில் தெரிந்தது. காசு வாங்கிக்கொண்டு செய்த சோம்பேறித்தனம். அந்த பிளேட்டை ஓரமாக வைத்துவிட்டு, கதவைச் சும்மா தொங்கவிட்டு, சுற்றிலும் சந்து ஒரே அளவாக வரும்வரை கீலைச் சரிபார்த்தார். அப்புறம்தான் கதவு நிற்கிற உயரத்துக்குப் பிளேட்டை ஏற்றி முடுக்கினார். ஒற்றை விரலால் தள்ளினார். ‘டக்’. பெரியவருக்கு அவசரமாக ஏதோ வேலை வந்துவிட்டது.

"அந்தம்மாவைக் கதவு மேல மட்டும் சாயாம இருக்கச் சொல்லுங்க" என்று கிளம்பும்போது டிங்கர் அண்ணன் கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினார். சொன்னேன். ஒரு முக்காலி கூட வாங்கி வண்டியில் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை மருதமலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, முக்காலியை எடுக்கப் பின்னால் போவதற்குள் "முருகா" என்று சத்தம். அப்பத்தா இரண்டு கையையும் கதவின் மேல் ஊன்றி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"எந்தப் புண்ணியவான் சாமி இதை ரிப்பேர் பண்ணுனது? முன்ன ஒரே ஆட்டம், பயமா இருக்கும். இப்பத்தான் புடிச்சு எந்திரிக்க வாகா, கெட்டியா நிக்குது."