வயித்துல தையலோட ஒரு செமஸ்டர்

ஆபரேஷன் ஆகி வீட்ல படுத்திருக்கற காலேஜ் பொண்ண பாக்க வர்றவங்க ரெண்டு விதமாதான் பேசறாங்க. பெரியம்மா, அத்தைங்க எல்லாம் "புஸ்தகத்த தொடாத கண்ணு, மொதல்ல ஒடம்பு தேறட்டும், படிப்பு எங்க ஓடிடப் போகுது"ன்னு சொல்றாங்க. கூட படிக்கறவங்க போன் பண்ணா "வீட்லதானே இருக்க, உக்காந்து எல்லா யூனிட்டையும் முடிச்சிருடி, எங்களுக்கு எங்க இவ்ளோ டைம் கெடைக்குது"ன்னு சொல்றாங்க. ரெண்டு பேருமே பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா ரெண்டுமே சரி கெடையாதுன்னு நான் நெனைக்கறேன். படிப்புல சிலது ஓடிப் போயிடும், திரும்ப புடிக்க முடியாது, சிலது எவ்ளோ நாள் கழிச்சு வேணா படிச்சுக்கலாம், இந்த ரெண்டையும் பிரிச்சு வெச்சுட்டா பாதி பாரம் கொறையும், இதத்தான் சொல்ல வந்தேன்.

நான் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தர்மபுரில கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஎஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம். எனக்கு வந்தது அப்பெண்டிக்ஸ். மொதல்ல தொப்புள சுத்தி வலி, சாப்ட புடிக்கல, வாந்தி, வீட்ல கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்தாங்க. அப்பறம் அந்த வலி வலது பக்கம் அடிவயித்துக்கு எறங்குச்சு, நடுவுல கொஞ்ச நேரம் வலி கொறைஞ்ச மாதிரி கூட இருந்துச்சு. இத படிக்கறவங்க கவனமா இருங்க, அப்பெண்டிக்ஸ் வெடிச்சா உள்ள இருக்கற அழுத்தம் போயி வலி கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி காட்டும், அதுக்கு அப்பறம்தான் வயிறு பூரா இன்ஃபெக்‌ஷன் பரவும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. தர்மபுரி ஜிஎச்ல சேத்தாங்க. சின்ன ஓட்டை போட்டு பண்ற லேப்ராஸ்கோப்பி இல்ல, வயித்த தெறந்தே பண்ணாங்க. அங்க நைட் டூட்டில இருந்த சிஸ்டர் ஒருத்தங்கதான் இருமல் வந்தா தலகாணிய வயித்துல அமுக்கி புடிச்சுக்கன்னும், எந்திரிக்கும்போது நேரா எந்திரிக்காம ஒரு பக்கமா திரும்பி கைய ஊனி எந்திரின்னும் சொல்லிக் குடுத்தாங்க. அவங்களுக்கு நான் என்னைக்கும் நன்றியோட இருப்பேன்.

வெளிய தையல் பிரிச்சதும் ஊர்ல எல்லாரும் சரியாயிடுச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க. தோல் ஒட்டறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும், ஆனா உள்ள இருக்கற லேயருக்கு பழைய பலம் வர்றதுக்கு ஆறு வாரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள வெயிட் தூக்குனா தையல் போட்ட எடத்துல ஹெர்னியா (உள்ள இருக்கற குடல் பிதுங்கிட்டு வர்றது) வரலாம்னு டாக்டர் தெளிவா சொன்னாங்க. அஞ்சு கிலோக்கு மேல தூக்காதன்னாங்க. எங்க ஊர்ல ஒகேனக்கல் தண்ணி வர்ற நேரத்துல பொண்ணுங்க குடம் தூக்காம இருக்கறதே பெரிய விஷயம், ஒரு பிளாஸ்டிக் குடம் நெறைஞ்சா பதினஞ்சு கிலோ வரும். அந்த வேலைய தம்பி எடுத்துக்கிட்டான், பதினொண்ணாவது படிக்கறான், ஒரு தடவ கூட மொகம் சுளிக்கல.

யாரும் முன்னாடியே சொல்லாத ஒண்ணு, மூளை களைப்பு. வலி கூட மாத்திரைல அடங்கிடும், ஆனா படிக்க உக்காந்தா ஒரே பத்திய திரும்ப திரும்ப படிச்சுட்டு இருப்போம், உள்ள எதுவும் போகாது. மயக்க மருந்து, இன்ஃபெக்‌ஷன், சரியா இல்லாத தூக்கம் எல்லாம் சேந்து பண்ற வேலை. வலிக்கு குடுக்கற சில மாத்திரை தூக்கத்த இழுத்துட்டு வரும், மெட்ரோனிடசோல்னு ஒரு ஆன்டிபயாடிக் குடுப்பாங்க, அது வாயெல்லாம் இரும்பு ருசி ஆக்கி சாப்பாட்டையே வெறுக்க வெச்சிடும், சாப்டலன்னா இன்னும் களைப்பு. அதனால அந்த நேரத்துல படிக்க முடியாததுக்கு சோம்பேறித்தனம்னு பேர் வெக்காதீங்க. யாராவது வெச்சாலும் ஏத்துக்காதீங்க. ஒடம்பு உள்ள ஒரு வேலை நடத்திட்டு இருக்கு, அதுக்கு சோறும் தூக்கமும் வேணும்.

சாப்பாட்டுல எங்க வீட்ல ஒரு சண்டையே நடந்துச்சு. பாட்டி பத்தியம்னு கத்தரிக்கா வேண்டாம், முட்டை வேண்டாம், புண்ணு சீழ் வெக்கும்னாங்க. டாக்டர் டிஸ்சார்ஜ் பண்ணும்போதே முட்டை, பருப்பு, கீரை நல்லா சாப்டணும், புண்ணு ஆற புரோட்டீன் வேணும்னு அம்மாகிட்ட சொல்லி இருந்தாங்க. அம்மா பாட்டிய எதுத்து பேசாம, டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்கன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. ராகி களி மட்டும் வயித்துக்கு கனமா இருக்கும்னு கொஞ்ச நாள் தள்ளி வெச்சு, ராகி கூழா குடுத்தாங்க. தண்ணி நெறைய குடிங்க, பழம் சாப்டுங்க, ஏன்னா படுத்தே இருக்கறதும் சில வலி மாத்திரையும் மலச்சிக்கல் குடுக்கும், தையலோட முக்கறது எவ்ளோ கொடுமைன்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

இப்ப படிப்புக்கு வர்றேன். திரும்ப புடிக்க முடியாதது எனக்கு மூணுதான். அட்டெண்டன்ஸ், லேப், இன்டர்னல் டெஸ்ட். தியரி அந்த லிஸ்ட்லயே இல்ல. பெரியார் யுனிவர்சிட்டில தியரி பேப்பர் ஒண்ணுக்கு 25 மார்க் இன்டர்னல், 75 மார்க் செமஸ்டர் எக்ஸாம். அந்த 75க்கு கடைசி வரைக்கும் டைம் இருக்கு, ஆனா 25 நாம படுத்திருக்கும்போதே ஓடிட்டு இருக்கும். அதனால ஹாஸ்பிடல்ல இருக்கும்போதே அப்பா மூலமா எச்ஓடி (டிபார்ட்மெண்ட் ஹெட்) மேடத்துக்கு லெட்டர் குடுத்து விட்டேன், டெஸ்ட் வெக்கற நாள்ல வர முடியாது, வந்தப்பறம் தனியா எழுத விடுங்கன்னு. பெரிய லெட்டர் எல்லாம் இல்ல, என்ன ஆபரேஷன், எப்ப வரலாம்னு டாக்டர் சொன்னாங்க, எந்தெந்த பேப்பர் டெஸ்ட், அவ்ளோதான். மேடம் சரின்னாங்க. வந்தப்பறம் கேக்கலாம்னு விட்டா அதுக்குள்ள மார்க் லிஸ்ட் போயிடும், அப்பறம் அவங்களே நெனச்சாலும் மாத்தறது கஷ்டம்.

அட்டெண்டன்ஸ் பத்தி எங்க கிளாஸ்ல பாதி பேருக்கு ஒரு தப்பான நெனப்பு இருக்கு, மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்தா லீவு போட்ட நாள் எல்லாம் ப்ரசென்ட்டா மாறிடும்னு. மாறாது. 75 சதவீதம் இருந்தா நேரா எக்ஸாம் எழுதலாம், 65ல இருந்து 74 வரைக்கும் இருந்தா காண்டோனேஷன் ஃபீஸ், அதாவது கொறையற அட்டெண்டன்ஸ மன்னிச்சு விடறதுக்கான ஃபீஸ் கட்டி எழுதலாம், அந்த எடத்துலதான் சர்டிபிகேட் நமக்கு காரணமா நிக்கும். கணக்கு போட்டு பாத்தா, செமஸ்டருக்கு 90 நாள்னு வெச்சா 68 நாள் போனா 75 சதவீதம் வந்துடும், அதாவது 22 நாள் லீவு தாங்கும். 65க்கு 59 நாள் வேணும், அப்ப 31 நாள் வரைக்கும் வழி இருக்கு. இந்த கணக்க படுக்கைல இருந்தே போட்டு பாத்தப்பறம்தான் எனக்கு நெஞ்சு படபடப்பு அடங்குச்சு, ஏன்னா அது வரைக்கும் ஒரு வருஷமே போயிடுமோன்னு ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லாம இருந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரில, சர்டிபிகேட்ல எல்லாம் தேதி சரியா இருக்கான்னு ஹாஸ்பிடல்லயே பாத்துக்கோங்க, நாலஞ்சு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க, ஒரிஜினல யாருக்கும் குடுக்காதீங்க.

வீட்ல படிச்சது எப்படின்னா, காலைல டிபன் சாப்ட்டு மாத்திரை போட்டு வலி அடங்கி, தூக்கம் வர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் தெளிவா இருக்கும். அந்த ஒரு மணி நேரத்த மட்டும் தெர்மோடைனமிக்ஸுக்கு குடுத்தேன். நேரா உக்காந்தா வயிறு மடங்கி இழுக்கும், அதனால முதுகுக்கு ரெண்டு தலகாணி, முட்டிக்கு கீழ ஒண்ணு வெச்சு பாதி சாஞ்ச மாதிரி படுத்து, பரீட்சை அட்டைய தொடைல நிக்க வெச்சு எழுதுவேன், முட்டி மடங்கி இருந்தா வயித்து தசை தளர்ந்து இருக்கும். அப்படி சாஞ்சு எழுதும்போது பால்பாயிண்ட் பேனா கொஞ்ச நேரத்துல நின்னு போகும், பென்சில்தான் சரி. டெரிவேஷன் எல்லாம் கண்ணால பாத்தா ஏறாது, கையால ஒரு தடவ போட்டா போதும். மத்தியானத்துக்கு மேல எதுவும் பாக்க மாட்டேன், தூங்கிடுவேன். சாயங்காலம் தமிழ் பாடத்த தம்பி சத்தமா படிப்பான், கண்ண மூடி கேப்பேன், அதியமான், அவ்வை வர்ற பகுதி வேற, நம்ம தகடூர் (தர்மபுரியோட பழைய பேரு) கதைங்கறதால அம்மாவும் வேலைய விட்டுட்டு வந்து உக்காந்துக்குவாங்க. அந்த செமஸ்டர்ல எனக்கு நல்லா மனசுல நின்ன பேப்பர் அதுதான்.

நோட்ஸ் விஷயத்துல ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லா நோட்டையும் அனுப்புன்னு கேக்காதீங்க. நூறு போட்டோ வரும், பாதி மங்கலா இருக்கும், எங்க ஊர் நெட்வொர்க்ல அது எறங்கவே ராத்திரி ஆகும், பாத்தாலே மலைப்பா இருக்கும். நான் என் ஃப்ரெண்டுகிட்ட ஒண்ணுதான் கேட்டேன், தெனமும் இன்னைக்கு என்ன நடத்துனாங்க, எது முக்கியம்னு சொன்னாங்கன்னு ஒரு சின்ன வாய்ஸ் நோட். அவ பஸ்ஸுக்கு நிக்கற நேரத்துல பேசி அனுப்புவா. அது போதும், தலைப்பு தெரிஞ்சா புஸ்தகத்துல நாமளே பாத்துக்கலாம். புதுமைப் பெண் திட்டத்துல மாசம் வர்ற ஆயிரம் ரூபா அப்ப ஜெராக்ஸுக்கும் ரீசார்ஜுக்கும்தான் போச்சு, கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச எங்கள மாதிரி பொண்ணுங்களுக்கு அந்த காசு எவ்ளோ பெருசுன்னு அந்த மாசம் முழுசா புரிஞ்சுது, அப்பாகிட்ட கேக்க வேண்டி வரல. அவர் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு தக்காளி கொண்டு போறவரு, அந்த சமயம் வெலை ரொம்ப எறங்கி கெடந்துச்சு.

லேப்தான் நெஜமான கஷ்டம். ரெண்டாவது வருஷத்துல இனார்கானிக் சால்ட் அனாலிசிஸ். ஒரு மிக்ஸ்சர் குடுப்பாங்க, அதுல இருக்கற ரெண்டு ஆசிட் ராடிக்கல் (நெகட்டிவ் அயனி), ரெண்டு பேசிக் ராடிக்கல் (பாசிட்டிவ் அயனி) கண்டுபுடிக்கணும். வீட்ல படுத்துகிட்டு இத கத்துக்கவே முடியாது, வீடியோ எவ்ளோ பாத்தாலும் அந்த நிறம், அந்த வாசனை, எவ்ளோ ஆசிட் விட்டா ப்ரெசிபிடேட் (அடில படியற திடப்பொருள்) வருதுன்னு கைக்கு பழகணும். ஃப்ளூரைடு, ஆக்சலேட், பாஸ்பேட், போரேட் இந்த நாலுல எது இருந்தாலும், பேசிக் ராடிக்கல குரூப் குரூப்பா பிரிச்சு பாக்கும்போது மூணாவது குரூப்புக்கு போறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், இல்லன்னா மேல எல்லாமே தப்பாகும், அந்த எலிமினேஷன் பண்ணவே நேரம் போயிடும். (ஃப்ளூரைடுங்கறது எங்க மாவட்டத்துக்கு புதுசு இல்ல, நெலத்தடி தண்ணில அது அதிகம்னுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு, மஞ்ச கறை புடிச்ச பல்லு எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தருக்கு இருக்கும்.) மூணு மணி நேரம் நிக்கணும், எச்டூஎஸ் கேஸோட அழுகுன முட்டை நாத்தம், அமோனியா நெடி, ஒரு இருமல் வந்தா வயிறு கிழியற மாதிரி இருக்கும். அதனால டாக்டர் போகலாம்னு சொன்னதும் நான் மொதல்ல லேப் இருக்கற நாள் மட்டும் போனேன். லேப் அசிஸ்டண்ட் அண்ணாகிட்ட சொன்னதும் ஒரு ஸ்டூல் கொண்டு வந்து ஜன்னல் ஓரமா எடம் ஒதுக்கி குடுத்தாரு. ஹீட் பண்ற நேரம், ஃபில்டர் ஆகற நேரம் உக்காந்துக்குவேன். கேஸ் டெஸ்ட் வரும்போது பக்கத்துல இருந்த பொண்ணு பண்ணுவா, நான் பாத்து எழுதிக்குவேன், வாசனை வர்ற டெஸ்ட்டுக்கு கையால விசிறி லேசா மட்டும் மோந்து பாக்கலாம், அது நல்லா இருக்கறவங்களுக்கும் அப்படித்தான்.

பஸ். இத யாரும் ஒரு பிரச்சனையா நெனைக்கறது இல்ல, ஆனா ஆபரேஷன் ஆனவங்களுக்கு கிளாஸ விட பஸ்தான் கொடுமை. பொண்ணுங்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் ஓடுது, நல்ல விஷயம், ஆனா காலைல அதுல நிக்கவே எடம் இருக்காது, யார் முட்டி நம்ம வயித்துல படும்னு சொல்ல முடியாது. அதனால கொஞ்ச நாள் காசு போனாலும் பரவால்லன்னு பிரைவேட் பஸ்ல உக்காந்து போனேன். கடைசி சீட்டுல உக்காராதீங்க, பின் சக்கரத்துக்கு மேல இருக்கற சீட்டும் வேண்டாம், ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கி போடும், நடுவுல உக்காந்து துண்ட மடிச்சு வயித்து மேல வெச்சு புடிச்சுக்கோங்க. பேக்ல அன்னைக்கு வேணுங்கற நோட்டு மட்டும், ரெக்கார்டு நோட்ட லேப்லயே வெச்சுக்க மேடம் விட்டாங்க.

வந்து பாக்கறவங்க பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க பக்கம் ஆபரேஷன்னா சொந்தக்காரங்க எல்லாம் ஹார்லிக்ஸ், ஆப்பிளோட வருவாங்க, வரலன்னாதான் கொறை, அந்த அன்பு எனக்கு வேணும். ஆனா அந்த காலை ஒரு மணி நேரத்துல வந்துட்டா அன்னைக்கு படிப்பு போச்சு. அம்மாதான் இத சரி பண்ணாங்க, போன்லயே "சாயங்காலமா வாங்க அண்ணி, காலைல பாப்பா மாத்திரை போட்டுட்டு ரெஸ்ட் எடுப்பா"ன்னு சொல்லிடுவாங்க. யாரும் தப்பா எடுத்துக்கல. நோயாளிக்கு ரெஸ்ட் வேணும்னா எல்லாருக்கும் புரியும், படிக்கணும்னு சொன்னா "ஒடம்பு சரியில்லாதப்ப என்ன படிப்பு"ன்னு கேள்வி வரும். பொண்ணுங்க படிப்புக்கு மட்டும் இந்த கேள்வி கொஞ்சம் சீக்கிரமாவே வருதுங்கறது என் வருத்தம், தம்பிக்கு இதே ஆகி இருந்தா கேட்டிருப்பாங்களான்னு தெரியல.

ரெக்கார்டு சைன் ஆயிடுச்சு, பிராக்டிகல் நல்லா பண்ணேன், தனியா எழுதுன இன்டர்னல் மார்க்கும் ஏறிடுச்சு, அட்டெண்டன்ஸ் காண்டோனேஷன்ல நின்னுது, ஃபீஸ் கட்டியாச்சு. தியரில அல்லைடு பிசிக்ஸ்ல மட்டும் கடைசி ரெண்டு யூனிட் பாக்கி, ஸ்டடி லீவு விட்டாச்சு, நாளைக்கு காலைல அத ஆரம்பிக்கறேன். உங்கள்ல யாருக்காவது எச்ஓடிக்கு லெட்டர் எப்படி எழுதறதுன்னு வேணும்னா கேளுங்க, நான் குடுத்தத அப்படியே டைப் பண்ணி போடறேன்.