மெடலை வையுங்கோ, பெட்டியைக் காட்டுங்கோ

ஜெர்மனியில இருக்கிற மச்சான் இந்தமுறை கொழும்புக்கு வரேக்க சொக்லேட்டோட சேத்து ஒரு கறுப்புப் பெட்டியும் கொண்டந்தவன். அங்க பழைய சாமான் சந்தையில வாங்கினதாம். உள்ளுக்க அயன் கிராஸ், ஜெர்மன் படையாக்களுக்குக் குடுத்த சிலுவை வடிவ மெடல், முதலாம் வகுப்பு. ரெண்டாம் உலக யுத்தச் சாமான், பெட்டியும் அதோட வந்த ஒரிஜினல் எண்டு வித்த கிழவர் சத்தியம் பண்ணாத குறையாம். அம்மா எட்டிப் பாத்திட்டு, ஹிட்லர்ட சாமானை ஏன்டா வீட்டுக்க கொண்டு வந்தனி எண்டு கேட்டிட்டுப் போயிட்டா, அது நியாயமான கேள்விதான், ஆனா எனக்குக் கை சும்மா இருக்கேல்ல.

மெடல்ட கதை சுருக்கம். நடுவில ஸ்வஸ்திகா இல்ல, மூண்டு ஓக் இலைதான் இருக்கு. 1957 ஜூலையில மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது, யுத்தத்தில மெடல் வாங்கின பழைய படையாக்கள் ஸ்வஸ்திகா இல்லாத வடிவத்தில அதைக் குத்தலாம் எண்டு, அதுக்குப் பிறகு கம்பெனிகள் புதுசா அடிச்சு வித்ததுதான் இது. கீழ 1939 எண்டு போட்டிருக்கிறதில கனபேர் ஏமாறுவினம். அது செய்த வருஷமே இல்ல, 1939 செப்டம்பர் 1இல ஹிட்லர் அந்த விருதைத் திரும்பக் கொண்டந்த வருஷம், அதை 1957 மெடலிலயும் அப்பிடியே விட்டிட்டாங்கள். அங்க குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்ர படி நாசிச் சின்னத்தைப் பொதுவில காட்டக்கூடாது, சந்தையில ஸ்வஸ்திகா உள்ள சாமானுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டித்தான் வைப்பினம். இது மேசையில பளிச்செண்டு கிடந்ததாம் எண்டு அவன் சொல்லேக்கயே எனக்கு விளங்கீட்டுது.

ஆனா பெட்டி வேற கதை. இந்தப் பெட்டியளின்ர மூடியில வெள்ளி நிறக் கோட்டில சிலுவையின்ர உருவம் மட்டும்தான், ஸ்வஸ்திகா கிடையாது. அதால வெறும் பெட்டி தனியா எங்கயும் தாராளமா விலைப்படும், மெடல் ஒரு பக்கத்தால பெட்டி ஒரு பக்கத்தால வாங்கிச் சோடி சேத்தா விலை ஏறும், எல்லா வில்லங்கமும் அங்கதான் தொடங்குது. கள்ள மெடலை உண்மையான பழைய பெட்டிக்க வைச்சு விக்கிறதுதான் அதில மோசம், ஏனெண்டா பெட்டியைத் தொட்டுப் பாத்த உடன மனம் மெடலையும் நம்பீடும். அதால நான் பெட்டியையும் மெடலையும் ரெண்டு தனிச் சாமானாத்தான் பாக்கிறனான், ரெண்டுக்கும் தனித்தனியா வயசு போடோணும்.

முதல்ல மெடல் இருக்கிற மெத்தையைப் பாருங்கோ. சாதாரண முதலாம் வகுப்புக்குப் பின்னால நீட்டு ஊசி இருக்கும், அது இறங்க மெத்தையில ஒரு நீளக் கீறல் வெட்டியிருப்பினம். இன்னொரு வகைக்கு ஊசிக்குப் பதிலா முறுக்கிற வட்டத் தட்டு, அந்தப் பெட்டியில வட்டமாக் குழி இருக்கும். மச்சான்ட பெட்டியில வட்டக் குழி. மெடலோ ஊசி வகை. வைச்சா ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடுது, அளவு பிழைச்ச சப்பாத்துப் போட்ட மாதிரி. இது தெரிய பெரிய படிப்பு ஒண்டும் தேவையில்ல, ஒருக்கா மெடலை எடுத்திட்டு உள்ளுக்கப் பாத்தாச் சரி, ஆனா வாங்கிற ஆக்கள் அதைத்தான் செய்யிறேல்ல.

பிறகு எழுத்து. மச்சான்ட பெட்டியில எல்டிஓ எண்டு அடிச்சிருக்கு. மெடல் செய்யிற கம்பெனிகளின்ர சங்கம் அது, 1941இல இருந்து கடையில தனியாருக்கு விக்கிற சாமானுக்கு எல் எண்டு தொடங்கி ஒரு நம்பர் போட வைச்சது. எல் 12 எண்டா பெர்லின் யுங்கர், எல் 16 எண்டா லூடன்ஷைட் ஸ்டைன்ஹவர் உண்ட் லுக். அரசாங்கம் நேரடியாக் குடுக்க வாங்கினதுக்கு எல் இல்லாத வேற நம்பர், ரெண்டையும் குழப்பக்கூடாது. அப்ப, அந்த எழுத்து உண்மையெண்டா இந்தப் பெட்டி 1941க்கு முந்தினதா இருக்க ஏலாது, ஆரோ ஒரு படையாள் தன்ர காசில கடையில வாங்கின மெடலின்ர பெட்டியாத்தான் இருக்கும். உண்மையெண்டா எண்டு நான் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு, எழுத்தை இப்ப புதுசாவும் அடிக்கலாம்.

அதால துணியைப் பாக்கோணும். காசு நோட்டுப் பாக்கிற நீல லைட் டோர்ச் புறக்கோட்டையில மலிவா வாங்கலாம். இருட்டில மூடியின்ர உள் சாட்டினுக்கு அடிச்சுப் பாருங்கோ. துணியையும் பேப்பரையும் வெள்ளையாக் காட்டச் சேக்கிற கெமிக்கல் யுத்தத்துக்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவினது, அது இருந்தா நீல வெள்ளையாப் பளபளக்கும். பளபளத்தாச் சந்தேகப்படுங்கோ, அவ்வளவுதான், ஆரும் இடையில சோப்புப் பவுடர் போட்டுத் துடைச்சிருந்தாலும் அப்பிடித்தான் வரும். பளபளக்கேல்ல எண்டு துள்ளவும் வேண்டாம், கள்ளச் சாமான் செய்யிறவன் பழைய துணி தேடி வாங்கத் தெரியாதவன் இல்ல. இன்னும் நம்பிக்கையான ஒண்டு பொலியஸ்டர். அது 1941இல இங்கிலாந்தில கண்டுபிடிச்சது, கடைக்கு வந்தது யுத்தம் முடிஞ்ச பிறகு. ஓரத்தில கழண்டு தொங்கிற ஒரு நூலை எடுத்து நெருப்பில காட்டினா பொலியஸ்டர் உருகி உருண்டையாகும், ரேயோன் எண்ட செயற்கைப் பட்டு பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். நூல் கழண்டிருந்தா மட்டும், துணியை வெட்டிப் போடாதேங்கோ.

மச்சான்ட பெட்டி பளபளக்கேல்ல, நூல் சாம்பலாத்தான் போனது. மெத்தையும் நெய்த வெல்வெட் இல்ல, பசை பூசி மேல நார்த்தூள் தூவின வகை, யுத்தம் இழுபட இழுபட மலிவாச் செய்யத் தொடங்கினதில அதுவும் ஒண்டு. வட்டக் குழியைச் சுத்தி ஒரு சிலுவையின்ர நாலு கையும் அமுங்கின தடம் இருக்கு, ஆனா இப்ப உள்ள மெடலை அதுக்கு மேல வைச்சா கை நுனி பொருந்துதில்ல. என்ர கணக்கில பெட்டி யுத்தகாலம், 1941க்குப் பிறகு. மெடல் 1957க்குப் பிறகு. கிழவர் ஒண்டாக் குடுத்தது மட்டும்தான் ரெண்டுக்கும் உள்ள சொந்தம்.

வெள்ளவத்தைக் கடல்காத்துக்கு இதை இங்க வைச்சிருக்கிறது வேற ஒரு தலையிடி. சிலுவையின்ர நடுப்பகுதி இரும்பு, கறல் பிடிக்கும், பெட்டியில பூஞ்சணம் பிடிக்கும், பழைய பசை ஈரத்தில இளகிச் சாட்டின் தொங்கத் தொடங்கும். பொலித்தீன் பையில கட்டி வைக்காதேங்கோ, சிலிக்கா ஜெல் போட்டு அலுமாரியில வைச்சு இடைக்கிட பாருங்கோ, மெடலை வெளிய எடுத்துத் தனியா வையுங்கோ.

இப்ப மச்சான் திரும்பிப் போய், யுத்தத்தில காயப்பட்ட படையாளுக்குக் குடுத்த வெள்ளி வகுப்பு மெடல் ஒண்டு பெட்டியோட கிடக்கு எண்டு வட்ஸ்அப்பில படம் அனுப்பியிருக்கிறான். மூடின பெட்டியை மேல இருந்து எடுத்த வடிவான ஒரே ஒரு படம். மெடலை வெளிய எடுத்திட்டு மெத்தையை ஒண்டு, பிணைச்சல் பக்கம் ஒண்டு, அடிப்பக்கம் ஒண்டு, நீல லைட்டில ஒண்டு எடுத்து அனுப்பு, அதுக்குப் பிறகு விலை கதைப்பம் எண்டு எழுதிப் போட்டனான்.