ஒரு வளவுக்குள் நாலு வீடு

திருகோணமலையில், திருக்கடலூரில் நாங்கள் இருக்கிற வளவில் அம்மப்பா காலத்தில் ஒரு வீடும் ஒரு கிணறும்தான். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் ஏது? பெரியம்மாவுக்கு முன்பக்கம், அம்மாவுக்கு நடு, சித்திக்குப் பின்பக்கம். பிறகு பெரியம்மாவின் மகளுக்கும் ஓர் அறையும் குசினியும் இறக்கியாயிற்று. இப்போது சித்தி இருமினால் எங்கள் அறையில் கேட்கும்.

எனக்குப் பெரிய பயம் மலசலகூடக் குழிதான். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும் என்பார்கள். எங்கள் வளவில் எந்தப் பக்கம் கயிறு பிடித்தாலும் அது வராது. கடற்கரை மணல் வேறு, குழியில் ஊறுவது சுலபமாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். குடிக்கக் கந்தளாய்க் குளத்துக் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. ஆனால் பாத்திரம் கழுவ, பிள்ளைகள் வாய் கொப்பளிக்க எல்லாம் கிணறுதான்.

குழாய் வராத நாளுக்கென்று தண்ணீர் பிடித்து வைக்க வீட்டுக்கு வீடு ஒரு நீலப் பரல். 2017 இல் நாடு முழுக்க ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு. அந்தப் பங்குனியில் பக்கத்துக் கிண்ணியா டெங்கால் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறக்காது. பரலைக் கவிழ்த்தால் போதும் என்றுதான் பலர் இருக்கிறார்கள். ஆனால் டெங்கு நுளம்பின் முட்டை இருப்பது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில். கறுப்பாய், பொடிப்பொடியாய், தூசி என்றே தோன்றும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் சனிக்கிழமைகளில் நாலு வீடும் சேர்ந்து தேங்காய்ப் பொச்சால் உட்பக்கத்தை உரசிக் கழுவுகிறோம். அந்த நுளம்பு அதிக தூரம் பறக்காது. ஆனால் ஒரு பரல் தவறினால் நாலு வீட்டுப் பிள்ளைகளும் அதற்கு எட்டும் தூரத்தில்தான்.

இப்போது சித்தியின் மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. கிணற்றடிக்குப் பின்னால் மிஞ்சின துண்டில் வீடு கட்டலாம் என்கிறார்கள். அங்கே இன்னொரு குழி வெட்டவே கூடாது. சித்தி வீட்டுக்கு மேலே மாடி போடட்டும். பழைய குழிகளை மூடிவிட்டு, எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒழுங்கை முகப்பில் கசியாத சீமெந்துத் தாங்கி ஒன்று கட்டலாம். கழிவு உறிஞ்சுகிற பவுசர் அதுவரைதான் வரும். செலவை நினைத்துச் சித்தப்பா தயங்குகிறார். சரி, மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.