சாயங்காலம் என்ன பண்றீங்க?

குடியை நிறுத்தியவரிடம் எல்லோரும் கேட்பது "எத்தனை நாளாச்சு?" என்றுதான். அதைவிட உருப்படியான கேள்வி ஒன்று உண்டு: "சாயங்காலம் என்ன பண்றீங்க?"

தினமும் குடித்தவருக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு நேரத்தைத் தின்றது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு மணிக்கே மனசு கடைப்பக்கம் திரும்பிவிடும். யாரோடு, எங்கே, காசுக்கு என்ன வழி என்ற யோசனை, வாங்கப் போவது, குடிப்பது, மறுநாள் காலைத் தலைவலி, அதை மறைக்க ஆபீஸுக்கும் வீட்டுக்கும் தனித்தனிப் பொய். எப்படிப் பார்த்தாலும் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம். பாட்டிலை எடுத்துவிட்டால் அத்தனை நேரமும் வெறுமனே திறந்து கிடக்கும். நிறையப் பேர் திரும்ப விழுவது அந்தக் குழியில்தான். மன உறுதி இல்லாதவர் என்று அவர்களைத் திட்டுவது சுலபம். சாயங்காலத்துக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுத்தால் பயன் அதிகம்.

அதற்கு முன்னால் ஒன்று. தினமும் நிறையக் குடித்தவர், "இன்றோடு சரி" என்று வீட்டில் தனியாக இருந்துகொண்டு சட்டென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு இடம், நேரம் தெரியாமல் போகும், இல்லாதவை கண்ணில் தெரியும், காய்ச்சலும் சேரும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். காரணம் இதுதான்: மது மூளையை அமுக்குகிறது, மூளை பல வருடமாக அதை எதிர்த்துத் தள்ளிப் பழகியிருக்கிறது. அமுக்கம் திடீரென்று விலகினால் தள்ளல் மட்டும் மிஞ்சும். அதனால்தான் டாக்டர்கள், மூளையை அதேபோல அமுக்கும் டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு மாதிரி ஒரு மருந்தைக் கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராசிபாம். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1. சாப்பிடாமல் குடித்தே ஓட்டியவர் உடம்பில் அது தீர்ந்துபோயிருக்கும். அந்தக் குறைவால் மூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடி, கண் அலைந்து, பேச்சு குழம்பினால் "இன்னும் போதை இறங்கல" என்று படுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. முன்பு ஒரு முறையாவது வலிப்பு வந்தவர் வீட்டில் நிறுத்திப் பார்க்கவே கூடாது.

நிறுத்தியபின் மறுபடி குடிக்காமலிருக்கத் தரும் மருந்துகள் பற்றிச் சுருக்கமாக. டைசல்பிரம் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இது நடக்கலாம். இருமல் மருந்திலும் வாய் கொப்பளிக்கும் மருந்திலும் உள்ள ஆல்கஹாலே சிலருக்குப் போதும். இதைச் சாப்பாட்டில் ரகசியமாகக் கலந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. அவர் அன்றைக்கு வழக்கமான அளவு குடித்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தெரியாமல் கொடுக்கவே கூடாத மாத்திரை அது. நால்ட்ரெக்சோன், வழக்கமாக நாளுக்கு 50 மில்லிகிராம், குடித்தால் வரும் கிக்கை மங்கச் செய்யும். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். எது யாருக்கு என்பது டாக்டர் முடிவு. டைசல்பிரம் பயத்தால் கையைத் தடுக்கும், மற்ற இரண்டும் ஆசையின் சத்தத்தைக் குறைக்கும். காலியான மாலையை நிரப்புவது அவற்றின் வேலை இல்லை.

குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, தொடங்கியதே அப்படிக் காலியாகக் கிடந்த நேரத்தில்தான். 1935 மே மாதம் ஒரு சனிக்கிழமை. குடியை விட்டு ஐந்து மாதமான பில் வில்சன், தொழில் பேச்சு தோற்றுப்போய், ஓஹையோ மாநிலம் அக்ரனில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார். பக்கத்திலேயே பார். அவர் அங்கிருந்த தொலைபேசிக்குப் போய், தேவாலயங்களின் எண்களைப் பார்த்துக் கூப்பிட்டு, தன்னோடு பேச ஒரு குடிநோயாளி கிடைப்பாரா என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்த நாளாக வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அழைப்பில் வில்சன் தேடியது இன்னொருவருக்கு உதவும் வாய்ப்பை. அதன் மூலம் முதலில் தப்பியது அவர்தான்.

ஏஏ கூட்டத்துக்கு முதல் தடவை போகிறவருக்குத் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவருக்கு மட்டும். பெரும்பாலும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம். கட்டணம் இல்லை. உண்டியலோ தட்டோ சுற்றி வந்தால் புதியவர் போடத் தேவையில்லை. பேசச் சொன்னால் பெயரைச் சொல்லி, "இன்னிக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

பலர் தவறவிடுவது கூட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள நேரத்தை. ஆரம்பிக்கும்போது நுழைந்து கடைசி வரி முடிவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் நல்ல பேச்சுதான் கேட்டிருப்பீர்கள், ஆள் கிடைத்திருக்க மாட்டார். பத்து நிமிடம் முன்னால் வந்து நாற்காலி போடுங்கள், முடிந்ததும் அதை மடக்கி அடுக்குங்கள். கையில் வேலை இருந்தால் கூச்சம் குறையும், பேச்சு தானாக வரும். ஒரே ஒரு கூட்டத்தைப் பார்த்து "இது நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டாதீர்கள்; வேறு வேறு குழுக்களில் ஐந்தாறு கூட்டமாவது உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு.

ஏஏ-யில் வரும் கடவுள், உயர்ந்த சக்தி என்ற பேச்சு சிலருக்குத் தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி இருக்கிறது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகளை வைத்து நடப்பது. பெண்களுக்கென்றே 1975-இல் விமன் ஃபார் சொப்ரைட்டி தொடங்கியது. ஏஏ பற்றி ஒரு தகவல்: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏஏ-வும் அதை ஒட்டிய சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தன. "சும்மா உட்கார்ந்து பேசினா குடி போயிடுமா?" என்று கேட்கிறவருக்கு இதைச் சொல்லலாம்.

முதல் வாரத்திலேயே மூன்று பேரின் போன் நம்பரை வாங்கிவிடுங்கள். வாங்கியதும் நல்லாயிருக்கும் நாளிலேயே கூப்பிட்டுப் பழக வேண்டும். ஆபத்து நேரத்தில் செய்யும் அழைப்பு முதல் அழைப்பாக இருந்தால் விரல் நகராது. என்ன பேசுவது என்ற தயக்கம்தான் பாதித் தடை. இரண்டு வாக்கியம் போதும்: "குடிக்கணும் போல இருக்கு. பத்து நிமிஷம் பேசலாமாங்க?" காரணம் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, ஒருவரைக் கேட்பதானால் குடியை விட்டு ஒரு வருடமாவது ஆனவரைக் கேளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொதுவான வழக்கம். மனைவியையோ கணவரையோ அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே ஆறாத காயம் இருக்கிறது. அவருக்கென்று 1951-இல் தொடங்கிய அல்-அனான் குடும்பக் கூட்டங்கள் தனியாக உண்டு.

இனி மாலை. ஐந்தரைக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். பசியையும் களைப்பையும் குடி ஆசை என்று உடம்பு தப்பாகச் சொல்வது மிகச் சாதாரணம். இனிப்பு கேட்டால் முதல் சில மாதம் கொடுத்துவிடலாம், சர்க்கரை நோய் இல்லாதவரை. வேலையிலிருந்து பழைய கடையைத் தாண்டாத வழியில் வீட்டுக்கு வாருங்கள், பத்து நிமிடம் கூடுதலானாலும் பரவாயில்லை. வந்ததும் குளியல், உடை மாற்றல். ஆறரைக்கு மனிதர்கள் இருக்கும் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். ஆசை கிளம்பினால் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது பதினைந்து, முப்பது நிமிடத்துக்குள் ஏறி உச்சிக்குப் போய்த் தணியும். அதோடு சண்டை போட வேண்டாம். எங்கே தெரிகிறது என்று பாருங்கள்: தாடையிலா, வயிற்றிலா, உள்ளங்கையிலா? சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு நேரம், இடம், கூட இருந்தவர், ஆசையின் அளவு பத்துக்கு எத்தனை என்று ஒரே வரியில் எழுதுங்கள். மூன்று வாரம் எழுதினால் ஒரு கோலம் தெரியும். "எப்பவும் ஆசையா இருக்கு" என்று சொன்னவருடைய நோட்டில் சம்பள நாளும், ஞாயிறு மதியமும், ஒரே ஒரு நண்பரின் போனும்தான் திரும்பத் திரும்ப இருக்கும். அந்த மூன்றுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும்.

"பிடிச்சதைச் செய்யுங்க" என்பது இந்தச் சமயத்தில் எல்லோரும் தரும் அறிவுரை. அது வேலை செய்யாது, ஏனென்றால் எதுவுமே பிடிக்காது. பல வருடம் மது தந்த கிளர்ச்சிக்குப் பழகிய மூளைக்கு முதல் சில வாரம், சிலருக்குச் சில மாதம், பாட்டும் சப்பென்று இருக்கும், பேச்சும் சப்பென்று இருக்கும். தூக்கமும் கெட்டே கிடக்கும். அதற்குத் தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிட்டால் ஒரு பழக்கம் போய் இன்னொன்று வரும். இதுதான் குடிக்காத வாழ்க்கை போலிருக்கிறது என்று மனம் விட்டுப்போவது இங்கேதான். ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்ப்பது அப்போது உதவும். குடியால் ஏறிய ஜிஜிடி என்ற ஈரல் நொதியின் அளவு சில வாரத்திலேயே இறங்கத் தொடங்கும். குடியால் பெருத்துப்போன ரத்தச் சிவப்பணுக்கள் மாற மூன்று, நான்கு மாதம் பிடிக்கும், ஓர் அணுவின் ஆயுளே சுமார் 120 நாள் என்பதால். மனசுக்குத் தெரியாத முன்னேற்றத்தைத் தாள் காட்டும்.

ஆகவே வேலையைப் பிடிப்பை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், கடிகாரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். வாழ்க்கைக்குப் புது நோக்கம் என்றதும் புத்தகம் எழுதுவது, கடன் வாங்கித் தொழில் தொடங்குவது, மாரத்தான் ஓடுவது என்று மனம் பறக்கும். போன வருடங்களை ஒரே தாவலில் ஈடுகட்டும் அவசரம் அது. முதல் வருடத்தில் இவை ஆபத்து. பலன் தெரிய நாளாகும், தோற்றால் குடிக்க நல்ல சாக்கு. நல்ல வேலைக்கு மூன்று அடையாளம் சொல்வேன். குறிப்பிட்ட நேரத்துக்கு நடக்க வேண்டும். நீங்கள் வராவிட்டால் ஒருவர் "எங்க காணோம்?" என்று கேட்க வேண்டும். செய்தது அன்றைக்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுப்பது இந்த மூன்றிலும் தேறும். பொதுத் தோட்டத்தில் இருபது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் தேறும், வாடினால் மறுநாளே தெரிந்துவிடும். வீட்டில் தனியாகத் தியானம் செய்வது நல்லதுதான், ஆனால் நீங்கள் செய்யாவிட்டால் கேட்க ஆளில்லை.

1973-இல் ஹன்ட், அஸ்ரின் என்ற இரு ஆய்வாளர்கள் மருத்துவமனையில் இருந்த குடிநோயாளிகளுக்கு இதையே முறையாகச் செய்து பார்த்தார்கள். வேலை தேடித் தருவது, குடும்பத்தைச் சீராக்குவது, குடியில்லாமல் கூடிப் பொழுதுபோக்க ஓர் இடம் அமைப்பது. குடிக்காத நாளுக்கு ருசி கூட்டும் இந்த ஏற்பாடு, வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் தந்தது. அடுத்தவருக்கு உதவுகிறவரே அதில் அதிகம் பயன் பெறுகிறார் என்பதை 1965-லேயே ஃபிராங்க் ரீஸ்மன் எழுதியிருக்கிறார். அதைக் கேட்டு, குடியை விட்டு நாற்பது நாள் ஆனவர் பழைய நண்பரைத் திருத்துகிறேன் என்று பாருக்குள் போகக் கூடாது. திருத்தப் போனவருக்கும் சேர்த்து ஒரு கிளாஸ் வரும். குடித்துக்கொண்டிருப்பவரைப் பார்க்கப் போவதானால் இரண்டு பேராகப் போவது ஏஏ-யில் பழைய வழக்கம்.

சறுக்கினால் அன்றிரவே ஓடும் எண்ணம் ஒன்று உண்டு: "ஒரு கிளாஸ் போயாச்சு, இனி என்ன இருக்கு." ஒரு கிளாஸைப் பத்து நாளாக்குவது அந்த எண்ணம்தான். ஆகவே நிதானமாக இருக்கும் நாளிலேயே ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்: மிச்சத்தை அப்படியே விடு. இடத்தை விட்டு வெளியே வா. இன்னாரைக் கூப்பிடு. நாளைய கூட்டத்தில் சொல்லிவிடு. பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் மறுபடி தனியாக நிறுத்தாதே, டாக்டரைப் பார். இன்னொன்றும் அந்த அட்டையில் இருக்கட்டும்: பழைய அளவு இப்போது தாங்காது. மாதக்கணக்கில் விட்ட உடம்பு பழைய சகிப்பை இழந்திருக்கும், முன்பு சாதாரணமாகக் குடித்த அளவே மூச்சை நிறுத்தலாம்.

ஆறு மாதம் தாண்டியவரிடம் பல குழுக்கள் கூட்ட அறையின் சாவியைக் கொடுக்கும். வாரத்தில் ஒரு நாள், கூட்டத்துக்கு அரை மணி முன்னால் போய்க் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, டீக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள் என்ற நினைப்பு அன்று மதியத்திலிருந்தே ஆளை நேராக வைத்திருக்கும். காய்ச்சலோ ஊர்ப் பயணமோ வந்தால் மதியத்துக்குள் இன்னொருவரிடம் சாவி போய்ச் சேர வேண்டும், அதனால் வாங்கிய அன்றே இரண்டாவது சாவி ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கப் போகத்தான் அதை ஒப்படைக்கிறீர்கள் என்றால், வாங்க வருபவர் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.