குழுவைக் கூட்டிக்கொண்டு போய்க் கடன் வாங்கிய அனுபவம்

மாவு அரைக்கும் மெஷின் வந்து இறங்கிவிட்டது. கடனும் கிடைத்துவிட்டது, மானியம்தான் பாக்கி. பட்டதெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். சொந்தமாக ஒரு தொழில் தொடங்க ஆசைப்பட்டு வங்கி வாசலில் நின்றுகொண்டிருக்கும் மகளிர் குழுப் பெண்கள் யாருக்காவது பயன்படும். மானியத் திட்டத்தின் விவரங்களைக் கேட்டால் அலுவலகத்திலேயே சொல்வார்கள். அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். என் கொழுந்தனார் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி என்று பாரம்பரிய நெல்லெல்லாம் போடுகிறார். ஆதிரங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கி, மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்து ஆரம்பித்தவர். பாரம்பரிய நெல்லைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் ஏற்படுத்திவிட்டுப் போன வழக்கம் அது. அந்த அரிசியை வறுத்து நான் கஞ்சி மாவும் புட்டு மாவும் செய்து விற்கிறேன். வறுப்பது வீட்டு அடுப்பில், அரைப்பது டவுன் மில்லில். நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் போச்சு. கைக்குழந்தைக்கு வாங்கிப் போன ஒரு பெண், "அக்கா, கஞ்சி காரமா இருக்கு, பிள்ளை துப்புது" என்று மாவைத் திருப்பிக் கொண்டுவந்த அன்றுதான் சொந்தமாக மாவரைக்கும் பல்வரைசர் ஒன்றும் வறுக்கும் டிரம்மும் போட்டே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான பிரதமர் திட்டத்தில் 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம். நம் பங்கு 10 சதவீதம். என் திட்ட மதிப்பு 4,20,000 ரூபாய், ஆக என் கையிலிருந்து 42,000. விண்ணப்பம் போடுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. மாவட்ட வள அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவரே எழுதித் தருவார். அதற்கான ஊதியத்தை அரசு கொடுத்துவிடுகிறது, நாம் கொடுக்க வேண்டியதில்லை. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கும் கட்டணமே கிடையாது. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு நான் கட்டியது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். இந்த இரண்டுக்கும் சேர்த்து 4,000 கேட்டார் ஒரு கணினி மையக்காரர். எங்கள் குழு அக்காவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். கைப்பேசியிலேயே ஒரு மாலையில் முடித்துக் கொடுத்துவிட்டு இரண்டு பாக்கெட் புட்டு மாவு வாங்கிக்கொண்டு போனாள்.

அப்புறம்தான் வங்கி. உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிபில் சரியில்லம்மா. பழைய பாக்கி நிக்குது" என்று கோப்பை என் பக்கமே தள்ளிவிட்டார் அதிகாரி. எந்தப் பாக்கி, எங்கே வாங்கியது, ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் ஆறவில்லை.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிபில் என்று பொதுவாகச் சொன்னாலும், யார் எவ்வளவு கடன் வாங்கி எப்படிக் கட்டினார்கள் என்ற கணக்கை வைத்திருப்பவை நான்கு நிறுவனங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நுண்கடன் வாங்கியவர்கள் இதில் கடைசியாகச் சொன்ன கிரிஃப் ஹை மார்க் அறிக்கையைக் கட்டாயம் பாருங்கள். என் அறிக்கையில் இருந்தது கொரோனா சமயத்து மூன்று தவணை. ஒரு நுண்கடன் நிறுவனத்தில் குழுவாக வாங்கிய கடன். கட்டி முடித்தாயிற்று. வீடு வீடாக வந்து ரொக்கமாக வசூலித்த பையன் அதைக் கணக்கில் ஏற்றவே இல்லை. நிறுவனக் கிளையில் போய்க் கேட்டால், "அவர் வேலையை விட்டுப் போயிட்டார், ரசீது இருக்கா?" என்கிறார்கள். அந்த நேரத்தில் ரசீது யார் கொடுத்தார்கள்?

எங்கள் குழுக் கூட்டம் செவ்வாய் ராத்திரி, எல்லோரும் சமைத்து முடித்துவிட்டு வரும் நேரத்தில். அங்கே பல வருடமாக நான் பார்த்தது ஒன்று. "எனக்கு யாருமே உதவ மாட்டேங்கிறீங்க" என்று அழுதால் எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், டீ வரும், கூட்டம் கலையும். ஒருவரும் மறுநாள் வரமாட்டார்கள். மனசில்லாமல் அல்ல, என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால்தான். அதனால் நான் மூன்று விஷயத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். பழைய வசூல் நோட்டு யாரிடம் இருக்கிறது? பட்டா இடத்தில் சும்மா கிடக்கும் கொட்டகை யாருக்காவது உண்டா? என் பங்குப் பணம் 42,000இல் குழு எவ்வளவு கடன் தர முடியும்? யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார்களோ அவர்கள் பெயரோடு தீர்மான நோட்டில் ஏற்றச் சொன்னேன். தீர்மானத்தில் பெயர் ஏறிவிட்டால் நம் பெண்கள் தட்ட மாட்டார்கள்.

வசூல் நோட்டு, குழுவை வழிநடத்தும் ஊக்குநர் அக்காவின் வீட்டுப் பரணில் கிடைத்தது. மேல் அட்டையை எலி தின்றிருந்தது, உள்ளே பத்திரம். மூன்று தவணைக்கும் தேதி, தொகை, அந்தப் பையனின் கையெழுத்து, எல்லாம் இருந்தன. அக்கா படிக்காதவர், ஆனால் கையெழுத்து வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டார். மறுநாள் பெரிய கூட்டமாகக் கிளம்பினோம். டவுன் பஸ்ஸில் மகளிருக்கு டிக்கெட் இல்லை என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது. பழைய காலமாக இருந்தால் பத்துப் பேருக்குப் பஸ் காசு யார் கொடுப்பது என்பதிலேயே பேச்சு நின்றிருக்கும்.

நுண்கடன் நிறுவனக் கிளையில் எங்களைப் பார்த்ததும் மேலாளர் சாப்பிடப் போய்விட்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்துகொண்டோம். சத்தம் போடவில்லை, கத்தவில்லை. ஒருத்தி வெற்றிலையை எடுத்து மடித்தாள், இன்னொருத்தி கொண்டுவந்த தயிர்சாதத்தைப் பிரித்தாள். அவர் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் இருந்தோம். ஊக்குநர் அக்கா நோட்டைப் பிரித்து மேசையில் வைத்து, "தம்பி, இது உங்க ஆள் கையெழுத்துதானே? இல்லைன்னா இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க, நாங்க போயிடுறோம்" என்றார். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் நிலுவை இல்லாச் சான்று கையில் வந்துவிட்டது.

அதை இணைத்துக் கடன் அறிக்கை நிறுவனத்தில், அறிக்கை தவறு என்று புகார் பதிவு செய்தேன். 30 நாளைக்குள் சரிசெய்ய வேண்டும், தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு நமக்குத் தர வேண்டும். கெடுவுக்குள்ளேயே திருத்திவிட்டார்கள்.

பணத்தில்தான் குழுவுக்குள் உரசல். "இருக்கிற பணத்தையெல்லாம் ஒரே ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தா, என் பொண்ணு வளைகாப்புக்கு நான் எங்க போறது?" என்று ஒரு பெரியம்மா எழுந்து கேட்டார். நியாயமான கேள்வி. உதவி கேட்கிறோம் என்பதற்காக மற்றவர்கள் தேவையை ஒதுக்கி வைக்கச் சொல்ல முடியாது. கடைசியில் 25,000 ரூபாய், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் என்று முடிவானது. மீதிக்குத் தோடு அடகுக்குப் போனது. மெஷின் ஓட ஆரம்பித்தால் உறுப்பினர்களுக்குப் பாதிக் கூலியில் அரைத்துத் தர வேண்டும் என்று அதே பெரியம்மா ஒரு வரியைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம்.

எல்லாவற்றையும்விட என்னைப் பாடாய்ப் படுத்தியது இடம்தான். எங்கள் தெரு முழுக்கக் கோயில் மனை. வீடு நம்முடையது, மண் சாமியுடையது. டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடன் 6 வருடம், அதற்குக் குறையாமல் இடத்துக்கு ஒப்பந்தம் வேண்டும் என்கிறது வங்கி. 5 வருடத்துக்கு மேல் கோயில் சொத்தைக் குத்தகைக்கு விடுவதானால் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது சட்டம். சென்னை போய் ஆணையரைப் பார்த்து நான் என்றைக்கு மாவு அரைப்பது? கோயில் மனையில் இருப்பவர்கள் யாரும் அந்த வழியில் நேரத்தை வீணாக்காதீர்கள். முதலிலேயே பட்டா இடமாகப் பாருங்கள்.

கொட்டகை கேட்டபோது கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் கோலம் போடும் நேரத்தில் வந்து, "என் களத்துமேட்டுக் கொட்டகை சும்மாதான் கிடக்கு, வைக்கோல எடுத்துட்டா நீ போட்டுக்கோ" என்று சொன்னது யார் தெரியுமா? வளைகாப்புக்குச் சண்டை போட்ட பெரியம்மாதான்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பட்டா, இறந்துபோன பெரியப்பா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை மாற்றி, அப்புறம்தான் பத்திரம். நாங்கள் போன நேரம் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட, சாகுபடி விவரம் காட்டும் அடங்கல் கேட்டு, கிராம நிர்வாக அலுவலர் வீட்டு வாசலில் விடிகாலையிலேயே ஆண்கள் வரிசை. களத்து ஈரத்தில் நெல் கிடக்கும்போது கொட்டகைப் பட்டாவை எடுத்து வைக்க அவருக்கு ஏது நேரம்? குறை சொல்ல முடியாது, ஆனால் நம் வயிறு எரியத்தான் செய்தது. வருவாய்த் துறையில் காரியம் ஆக வேண்டியவர்கள் தை, மாசியைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் பெரியம்மாவின் மூத்த மகன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். "குத்தகைன்னு எழுதிக் கொடுத்தா இடம் போயிடும், தாத்தா காலத்துல அப்படித்தான் போச்சு." பயத்தில் அர்த்தம் உண்டு. சாகுபடி செய்யும் குத்தகைதாரரை லேசில் வெளியேற்ற முடியாதபடி 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, இந்தப் பக்கம் அதைப் பற்றித் தெரியாத குடும்பம் இல்லை. ஆனால் அது சாகுபடி நிலத்துக்கு. வைக்கோல் போட்டு வைத்த கொட்டகைக்கு இல்லை. நான் சொன்னால் எடுபடுமா? இடம் வாங்கப் போகிறவள் நான். மகளிர் குழுக்களின் கூட்டமைப்பில் இருக்கும் கணக்காளர் தம்பிதான் கைப்பேசியில் கூப்பிட்டு, வாடகை ஒப்பந்தம் என்றுதான் எழுதுவோம், காலம் முடிந்தால் காலி செய்வதாக ஒரு வரி இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட வந்தவனைக் கையோடு பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனோம். அன்றைக்குப் பார்த்துச் சர்வர் வேலை செய்யவில்லை. இரண்டு நாள் லீவு கூடுதலாக எடுத்து அவன் இருந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு போனால் வங்கியில் எடுக்க மாட்டார்கள்.

மறுபடி வங்கி. இந்தத் தடவை தனியாகப் போகவில்லை. அடமானத்துக்கு என்ன வைப்பீர்கள் என்று கேட்டார்கள். "குறுந்தொழிலுக்கு 10 லட்சம் வரைக்கும் பிணை கேட்கக் கூடாதே சார்" என்று கணக்காளர் தம்பி சொன்னதும் பேச்சு அங்கேயே மாறிவிட்டது. பிறகு கொட்டேஷன். கும்பகோணத்தில் பட்டறை வைத்திருப்பவர் கையால் எழுதிக் கொடுத்ததை ஜி.எஸ்.டி. எண் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அவர் மெஷின்தான் எனக்குப் பிடித்திருந்தது, விலையும் குறைவு. வேறு வழியில்லாமல் கோயம்புத்தூரிலிருந்து வாங்கினேன். விலை விசாரிக்கும்போதே முதல் கேள்வியாக ஜி.எஸ்.டி. பில் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

பயிற்சி, மின் இணைப்பு எல்லாம் சுலபமாகவே முடிந்தன.

இப்போது பெரியம்மாவின் கொட்டகையில் டிரம் ஓடுகிறது. மிளகாய் அரைக்கக் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன், கொஞ்சம் மனஸ்தாபமும் வருகிறது. உறுப்பினர்களாக இருந்தாலும் அரிசி, கேழ்வரகு, உளுந்து மட்டும்தான்.

மானியம் இன்னும் வரவில்லை. வந்தாலும் கையில் கொடுக்க மாட்டார்கள். வங்கியிலேயே தனிக் கணக்கில் 3 வருடம் வைத்திருந்து, தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் கடனில் கழிப்பார்கள், அதுவரை கடனில் அந்தத் தொகை அளவுக்கு நாம் வட்டி கட்ட வேண்டியதில்லை. வராத வரைக்கும் முழுத் தொகைக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டால் "போர்ட்டலில் இருக்கு" என்கிறார்கள். வரும் செவ்வாய்க் கூட்டத்தில் அதைத்தான் வைக்கப் போகிறேன். குறுவை நடவு முடிந்துவிட்டது, கூட வர ஆள் கிடைக்கும்.