களி சாப்பிட்டும் 251: சர்க்கரை தெரிந்த முதல் மூன்று மாதம்

எங்கள் வீட்டில் பிரஷர் மாமியாருக்குத்தான். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தங்கச்சி ஒருநாள், "அக்கா, நீங்களும் கையை நீட்டுங்க, பார்த்துடலாம்" என்று என் விரலிலும் குத்தினாள். 238. எனக்கு 43 வயது. தாகம், சோர்வு எல்லாவற்றுக்கும் வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அது வாசலுக்கு வந்திருக்காவிட்டால் நான் இன்னும் எத்தனை வருடம் தெரியாமல் இருந்திருப்பேனோ.

ஒரு தடவை குத்திப் பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் ரத்தம் கொடுங்கள், கூடவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட்டும் (HbA1c) பாருங்கள் என்றாள் அந்தத் தங்கச்சி. நான் பட்ட பாடு அங்கேதான் ஆரம்பித்தது.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் பஸ் பிடித்து கிருஷ்ணகிரியில் ஒரு லேபுக்குப் போனேன். பலகையில் காலை 7 மணி என்று எழுதியிருந்தது. ஷட்டர் தூக்கியது 8.45க்கு. ரத்தம் எடுத்துவிட்டு, "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் கை கழுவியதிலிருந்து எண்ணினேன். அதைவிடப் பெரிய தப்பு, பயத்தில் ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டேன். தினமும் சாப்பிடும் அளவைச் சாப்பிட்டால்தான் உடம்பு உண்மையில் என்ன செய்கிறது என்று தெரியும். மூன்று மாதச் சர்க்கரைக்கு வெறும் வயிறே தேவையில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ரிப்போர்ட் வாங்க மறுநாள் இரண்டாவது தடவை போனேன். மூன்று மாதச் சர்க்கரை 6.2. "ஒண்ணும் இல்லக்கா, பார்டர்தான்" என்றார் கவுன்டரில் இருந்தவர். பஸ்ஸில் வரும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

அந்த நிம்மதி ஒரு ராத்திரிதான் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்ததும், "இதுல ஆண், வயசு 61னு இருக்கே?" என்றார். பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். நான் கவனிக்கவே இல்லை.

மூன்றாவது தடவையும் போனேன். "டைப்பிங் மிஸ்டேக்தாங்க, வேல்யூ உங்களோடதுதான்" என்று பேனாவால் வயதை அடித்துத் திருத்தப் பார்த்தார். நான் விடவில்லை. சாம்பிள் நம்பரை எடுத்துக் காட்டுங்கள் என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே இருந்து இன்னொருவர் வந்து ஒத்துக்கொண்டார்: இரண்டு பேர் ரிப்போர்ட்டும் மாறியிருந்தது. என்னுடையது வெறும் வயிற்றில் 156, சாப்பிட்ட பின் 214, மூன்று மாதச் சர்க்கரை 8.1. யாரோ ஒரு பெரியவர் என் 8.1ஐ வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் கலங்கிப் போயிருப்பார். அவருக்கு என் எதிரிலேயே போன் போடச் சொல்லி, பேசி முடித்த பிறகுதான் எழுந்தேன். தயவு செய்து கவுன்டரை விட்டு நகரும் முன்பே பெயர், வயது, ஆணா பெண்ணா, சாம்பிள் நம்பர் நான்கையும் பாருங்கள். 6.5ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்தான். 6.2ஐ நம்பி நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

மெட்ஃபார்மின் 500 காலையும் ராத்திரியும் சாப்பாட்டோடு, மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் என்றார் டாக்டரம்மா. சாப்பாட்டைப் பற்றிப் பேச அன்றைக்கு அவருக்கு நேரம் இல்லை, வரிசை வாசல் வரை நின்றது.

அண்ணன் மனசு கேட்காமல் ஒரு தனியார் கிளினிக்குக்கும் கூட்டிப்போனார். அங்கே ஒரு அச்சடித்த தாளை நீட்டினார்கள். காலையில் ஓட்ஸ், மதியம் சப்பாத்தி, சாயங்காலம் ப்ரோக்கோலி சூப், ஆலிவ் எண்ணெய். நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது நாள் அதன்படி நடந்தேன். பத்தாவது நாள் பசியில், நான் வேலை பார்க்கும் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும்போதே கை நடுங்கியது.

மாமியாருக்குத் தாங்கவில்லை. "இதெல்லாம் எதுக்குக் கண்ணு? சக்கரைக்குக் களியை விட மருந்து இருக்கா? ரெண்டு உருண்டை சாப்பிடு" என்றார். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னதும் அதேதான். அரிசியை விடு, ராகிக்கு மாறு. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, பிறந்ததிலிருந்து சாப்பிட்டு வளர்ந்ததாயிற்றே.

அதற்குள் சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கியிருந்தேன். ராத்திரி சாப்பிடும் முன் 131. களி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 251. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுநாளும் பார்த்தேன், 246. காலையில் ஒரு சொம்பு ராகிக் கூழ் குடித்துப் பார்த்தேன், 239.

இதை எனக்குப் புரியவைத்தவர் சுகாதார நிலையத்து நர்ஸ். என் நோட்டைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "உருண்டை எவ்வளவு பெருசு?" எனக்குப் பதில் தெரியவில்லை. எடை போட்டுப் பாருங்கள் என்றார். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். ஒரே உருண்டை 420 கிராம். நான் சாப்பிட்டது ஒன்று, மாமியார் வற்புறுத்தலில் கூட ஒரு துண்டு. எங்கள் வீட்டில் களி கிண்டும்போது முதலில் அரிசி நொய்யைக் கொதிக்கவிட்டு, அது வெந்ததும்தான் மாவைக் குவித்துக் கொட்டித் துடுப்பால் கிண்டுவோம். ஆக, விட்டுவிட்டேன் என்று நினைத்த அரிசியும் உள்ளேயேதான் இருந்தது. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் அளவுக்கு என்றால், ராகியில் 70 கிராம் அளவுக்கு இருக்கிறது. நார்ச்சத்தும் கால்சியமும் ராகியில் நிறையத்தான், அதற்காகவே விடக் கூடாது. ஆனால் நைசாக அரைத்த மாவு, அதுவும் களியை மெல்லாமல் விழுங்குகிறோம். கூழ் இன்னும் சுலபமாக இறங்கும்.

"களியைத் தின்னுட்டுத்தான் நாங்க காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் காட்டுல நின்னோம்" என்றார் மாமியார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் காட்டில் நின்றார், நான் மாங்காய் மண்டியில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் இருக்கிறேன்.

நர்ஸ் சொன்னது சின்ன விஷயம்தான். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை மாதிரி ஏதாவது, மீதிக் கால் பங்கில் களியோ சோறோ இட்லியோ. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் களி. நொய்யை நிறுத்தினேன். மாவைச் சலிப்பதையும் நிறுத்தினேன். உருண்டையை 150 கிராமுக்குக் கொண்டுவந்தேன். ஒரு கிண்ணம் கொள்ளுக் கடைசல், முருங்கைக்கீரைப் பொரியல், அதற்குப் பிறகு களி, அப்புறம் தெருக்கோடி வரை போய்த் திரும்பிப் பதினைந்து நிமிட நடை. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 162. அந்த எண்ணை மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மறுநாள் எனக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் உருட்டி வைத்திருந்தார்.

மதியத்துக்குப் பாலிஷ் போடாத சாமை. கடையில் வெள்ளைவெளேர் என்று விற்பதை வாங்காதீர்கள், தவிடு போய்விட்ட சாமை அது. அதுவும் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். மண்டியில் நாலு டீ குடிப்பேன், நாலிலும் சர்க்கரையை விட்டேன். அதற்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது.

மாத்திரை விஷயத்தில் ஒரு நாள் வீணானது. நோட்டை மறந்து போய்விட்டேன், நோட்டு இல்லாமல் தர முடியாது என்று மருந்து கொடுக்கும் ஜன்னலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது நோட்டு எப்போதும் பையிலேயே இருக்கிறது. வாரச் சந்தையில் ஒருவர் சிறுகுறிஞ்சான் பொடியைக் கொடுத்து இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தவில்லை, நீங்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் என்னைப் பார்த்துத் திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம். சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி, வியர்த்து மயக்கம் வரும். டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் குறைக்க வேண்டும்.

மூன்று மாதம் முடிந்து வேறு லேபில் எடுத்தேன். பெயர், வயது, பெண், நம்பர், எல்லாவற்றையும் படித்த பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். 6.7. மாத்திரை அப்படியே தொடரட்டும், கண்ணையும் பாதத்தையும் வருடத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள் என்றார் டாக்டரம்மா.

இப்போது மாம்பழ சீசன். தம்பி தோட்டத்திலிருந்து ஒரு கூடை சேந்தூரா வந்து இறங்கியிருக்கிறது. போன வாரம் பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சர்க்கரை பார்த்தால் 312. உடம்பே சில்லிட்டுப் போனது. பிறகு தோன்றி, சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வேறு விரலில் குத்தினேன். 158. பழச்சாறு விரலில் ஒட்டியிருந்திருக்கிறது. நானும் இரண்டு துண்டு சாப்பிடுகிறேன், அன்றைக்கு ராத்திரி களி உருண்டை பாதிதான். நேற்று அப்படிச் சாப்பிட்டபோது 165 காட்டியது.