கிளினிக் கொப்பியில் இருந்ததும் குளிசை உறையில் இருந்ததும்

வன்னியின் ஒரு வைத்தியசாலையில் மருத்துவ அதிகாரியாக இருந்தபோது, நாட்பட்ட இதயச் செயலிழப்புள்ளவர்களுக்கு வெளிநோயாளர் கிளினிக்கில் அன்றாடம் எத்தகைய சிகிச்சை கிடைக்கிறது என்பதைச் சிறிய ஆய்வொன்றாகச் செய்து முடித்தேன். அதே வேலையை வேறோர் இடத்தில் தொடங்கவிருக்கும் இளைய வைத்தியர் ஒருவர் விபரம் கேட்டிருந்தார். நான் தடுமாறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி ஒரு கிளினிக் கொப்பியிலிருந்து பிறந்தது. பரந்தன் பக்கமிருந்து வந்த ஐயா ஒருவருக்கு, நாடித்துடிப்பைக் குறைத்து இதயத்தின் சுமையைத் தணிக்கும் பிசோப்ரோலோல் என்ற மருந்து 1.25 மில்லிகிராமில் தொடங்கப்பட்டிருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக, மாதத்துக்கொரு கையெழுத்தில், அதே 1.25 பக்கம் பக்கமாகத் தொடர்ந்திருந்தது. 1999இல் வெளியான சிபிஸ்-2 ஆய்வில் உயிரிழப்பைக் குறைத்தது, 10 மில்லிகிராமை இலக்காக வைத்துப் படிப்படியாக உயர்த்திய சிகிச்சை. தொடக்க அளவிலேயே ஆளை நிறுத்திவிட்டு மருந்து கொடுத்தோம் என்று நாம் ஆறுதல்பட முடியாது. இது எங்கள் ஊரின் குறை மட்டுமன்று. அமெரிக்காவில் 3,500க்கு மேற்பட்ட வெளிநோயாளர்களைப் பதிவுசெய்து 2018இல் வெளியான சாம்ப்-எச்எஃப் ஆய்விலும், பிசோப்ரோலோலின் வகை உட்பட அந்த ஆய்வு பார்த்த மூன்று மருந்து வகைகளுக்கும் தகுதியுள்ளவர்களில் அவை அனைத்தையும் இலக்கு அளவில் பெற்றவர்கள் ஏறத்தாழ 1 வீதத்தினரே.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மூன்று மாதங்கள் சென்றன. விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. சிகிச்சையளிக்கும் வைத்தியரே சம்மதம் கேட்டால் நோயாளி மறுக்கத் தயங்குவார் என்று குழு சுட்டிக்காட்டியது. அப்போது மனம் சலித்தாலும், குழு சொன்னதே சரி. சம்மதம் பெறும் பொறுப்பை கிளினிக்கில் வேலைசெய்யாத ஒருவரிடம் கொடுத்தேன்; சம்மதப் படிவத்தில் ‘இதயச் செயலிழப்பு’ என்பதற்குப் பக்கத்தில், ‘இதயம் இரத்தத்தைப் பம்ப் பண்ணும் பலம் குறைந்ததால் வரும் இளைப்பும் கால் வீக்கமும்’ என்று எழுதினேன். ‘செயலிழப்பு’ என்ற சொல்லைக் கேட்டு, இதயம் நின்றுவிட்டதா என்று இருவர் பயந்து கேட்டிருந்தார்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதுதான் கடினமாக இருந்தது. கால் வீக்கமும் இளைப்பும் இருந்தால் இதயம்தான் காரணம் என்று எழுதிவிட முடியாது. சிறுநீரக நோயாலும் அவை வரலாம்; வவுனியா மாவட்டத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது யாவரும் அறிந்ததே. 2009இல் இடம்பெயர்ந்தபோது பழைய கொப்பிகளைத் தொலைத்த முதியவர்களிடம், மாரடைப்பு எந்த ஆண்டு வந்தது என்பதற்குக்கூட ஆதாரம் இல்லை. ஆகவே எக்கோ எனும் இதய ஸ்கேன் பரிசோதனையில், இதயத்தின் வெளியேற்றுத் திறன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் வீதம்) 40 வீதமோ அதற்குக் குறைவோ என்ற அறிக்கை கையில் உள்ளவர்களை மட்டும் எடுத்தேன். இதனால் ஆய்வு துல்லியமடைந்தது. ஆனால் எக்கோ எடுக்க யாழ்ப்பாணம்வரை போய்வர வசதியில்லாதவர்கள், அதாவது சிகிச்சை மிகக் குறைவாகக் கிடைத்திருக்கக்கூடியவர்கள், அதற்கு வெளியே நின்றுவிட்டார்கள். இதை அறிக்கையின் முதற் பக்கத்திலேயே எழுதினேன்.

முதல் ஆறு வாரங்களும் கொப்பியைப் பார்த்தே படிவத்தை நிரப்பினேன். அது என் பெரிய தவறு. புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வந்த அம்மா ஒருவரிடம் தற்செயலாகக் குளிசை உறைகளைக் காட்டச் சொன்னேன். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கடதாசி உறைகளை அவிழ்த்து மேசையில் வைத்தார். பிசோப்ரோலோல் உறையில் அரைக் குளிசைகள் பாதி தூளாகிக் கிடந்தன; கத்தியால் வெட்டும்போது நொறுங்கியவற்றை அவர் விட்டுவிடுவாராம். சிறுநீரை அதிகமாக்கி வீக்கத்தைக் குறைக்கும் தண்ணிக் குளிசையின் உறையில் இருக்கவேண்டியதைவிட அதிகமாக மிஞ்சியிருந்தது.

“இதைப் போட்டிட்டு பஸ்ஸிலை எப்பிடிப் பிள்ளை வாறது? வழியிலை இறங்க ஏலுமே? கிளினிக்குக்கு வாற நாளும் வயலுக்குப் போற நாளும் போடமாட்டன்.”

அவரது கொப்பியில் அந்தத் தண்ணிக் குளிசை, புரூசமைட் 40 மில்லிகிராம், காலை, தினமும் என்றிருந்தது. என் படிவத்திலும் அப்படியே இருந்தது. அதுவரை நிரப்பிய படிவங்கள் எழுதப்பட்ட மருந்தைத்தான் காட்டின, விழுங்கிய மருந்தை அல்ல. குழுவிடம் திருத்தத்துக்கு அனுமதி பெற்று, கடந்த ஏழு நாட்களில் ஒவ்வொரு குளிசையையும் எத்தனை நாள் போட்டார், போடாத நாளில் ஏன் என்ற இரு கேள்விகளைச் சேர்த்து மீண்டும் தொடங்கினேன்.

அளவு உயராததற்கான காரணங்களைத் தேடியபோது, நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ இடங்கொடுக்காதவர்கள் நான் எதிர்பார்த்ததைவிடச் சிலரே. பெரும்பாலான கொப்பிகளில் காரணமே எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் வேறொரு வைத்தியர், சில நிமிடங்கள், வெளியே நீண்ட வரிசை. முன்னையவர் ஏதோ யோசித்துத்தான் இந்த அளவில் விட்டிருப்பார் என்று அடுத்தவர் நினைக்கிறார். இதயச் செயலிழப்புக்கான மற்ற மருந்துகளான எனலாப்ரிலையோ ஸ்பைரோனோலக்டோனையோ உயர்த்தினால் ஓரிரு வாரங்களில் இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினினும் பார்க்க வேண்டும்; அடுத்த கிளினிக் ஒரு மாதத்துக்குப் பிறகு என்றால், தொடாமல் விடுவதே பாதுகாப்பு என்று தோன்றிவிடுகிறது. நானும் அப்படி எத்தனையோ கொப்பிகளில் பழைய மருந்தையே எழுதியிருக்கிறேன். உறைகளைப் பார்த்த பிறகு இன்னொன்றும் விளங்கியது: ஒழுங்காகப் போடப்படாத மருந்தின் அளவைக் கூட்டுவதும் ஆபத்தே.

முடிவுகளைக் கூட்டத்தில் வைத்தபின், கொப்பியின் முன்னட்டையின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டத் தொடங்கினோம். மருந்தின் பெயர், இன்றைய அளவு, இலக்கு அளவு, உயர்த்தாவிட்டால் காரணம், இன்றைய எடை என்று ஐந்து நிரல்கள். மருந்தை உயர்த்தும் அன்றே, இரண்டு வாரம் கழித்து இரத்தம் கொடுப்பதற்கான துண்டையும் கையில் கொடுக்கிறோம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வரச்சொல்கிறோம். வீட்டில் தராசு இல்லாதவர்களுக்கு, கால் வீக்கத்தையும் படுக்கும்போது வரும் இளைப்பையும் கவனிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அந்த அம்மாவின் தண்ணிக் குளிசையை, வெளியே போகும் நாட்களில் வீடு திரும்பியதும் பிற்பகல் இரண்டு மணியளவில் போடும்படி மாற்றினேன். அடுத்த மாதம் அவர் வந்தபோது அந்த உறை வெறுமையாக இருந்தது. எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. பிசோப்ரோலோலை 2.5 மில்லிகிராமுக்கு உயர்த்தினேன். இனி வெட்டத் தேவையில்லை, முழுக் குளிசை.